வாடகை வீட்டுக்கு ஏற்ற தரை

(பினாங்கு, ஜார்ஜ்டவுனில் தோட்டத் தொழிலாளர்களிடையே தகவல் அதிகாரி ஒருவர் ஆற்றிய உரை)



இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருள் வீட்டின் தரை. அதிலும் வாடகைக்கு விடப்படும் வீட்டின் தரை. "தோட்டத்து லயத்தில் குடியிருக்கும் நமக்கு வாடகை வீட்டைப் பற்றிய பேச்சு எதற்கு?" என்று உங்களுள் சிலர் எண்ணக்கூடும். காரணம் இல்லாமல் இப்பொருளை நான் எடுத்துக்கொள்ளவில்லை.

லயத்து வீடு வேலையோடு வருவது. வேலை முடியும் நாளில் அவ்வீட்டின் மீதுள்ள உரிமையும் முடிந்துவிடும். தனியார் துறையில் குறைந்தபட்ச ஓய்வு வயது 60 என்பது 2013ஆம் ஆண்டு ஜூலை முதல் நாளிலிருந்து நடப்பில் உள்ளது. அந்த வயதை எட்டிய பின் எங்கே குடியிருப்பது என்னும் கேள்வி ஒவ்வொரு தோட்டக் குடும்பத்தின் முன்னும் நிற்கிறது. அதை முன்கூட்டியே எண்ணிப் பார்த்தவர்கள், ஊழியர் சேமநிதியின் ஒரு பகுதியை எடுத்து, மீதிக்கு வங்கிக் கடன் பெற்று, செபராங் பிறையிலோ தீவிலோ ஒரு சிறிய வீட்டை வாங்குகிறார்கள். வேலையில் இருக்கும் வரை அவ்வீட்டை வாடகைக்கு விடுவது, அந்த வாடகையைக் கடனுக்குச் செலுத்துவது, ஓய்வு பெற்றதும் தாமே அதில் குடியேறுவது என்பதே அவர்களுடைய திட்டம். மிக நல்ல திட்டம்தான்.

ஆனால், வாடகைப் பணத்தை ஓசையின்றித் தின்றுவிடும் பகுதி ஒன்று அவ்வீட்டில் இருக்கிறது. அதுவே தரை. கூரை ஒழுகினால் முதல் மழையிலேயே தெரிந்துவிடும். தரையோ மெல்ல மெல்லக் கெடும். கெட்டது நமக்குத் தெரியவரும்போது, குடியிருந்தவர் வெளியேறியிருப்பார். வீடு பூட்டிக் கிடக்கும். கடன் தவணை மட்டும் மாதந்தோறும் வந்து நிற்கும்.

ஆகவே, நீடித்து உழைப்பதும் நம் வருவாய்க்குக் கட்டுப்படியாவதுமான தரையை எவ்வாறு தேர்ந்தெடுப்பது? கடைக்குப் போய்ப் பளபளப்பைப் பார்ப்பதற்கு முன், மூன்று கேள்விகளை நம்மை நாமே கேட்டுக்கொள்ள வேண்டும். தரைக்கு அடியில் இருப்பது என்ன? தண்ணீர் எந்த வழியாக வரும்? ஆண்டு ஒன்றுக்கு அந்தத் தரை எவ்வளவு செலவு வைக்கும்? இம்மூன்றுக்கும் விடை கண்டவர் பெரும்பாலும் ஏமாறமாட்டார்.

ஜார்ஜ்டவுன் கற்பிக்கும் பாடம்

முதல் கேள்விக்கு விடை தேட நாம் தொலைதூரம் போக வேண்டியதில்லை. இந்த ஜார்ஜ்டவுன் நகரமே அதற்குச் சிறந்த பாடநூல்.

பினாங்குத் தெரு, சூலியா தெரு, ஆர்மேனியன் தெரு ஆகிய இடங்களில் வரிசை வரிசையாக நிற்கும் பழைய கடைவீடுகளை நீங்கள் பார்த்திருப்பீர்கள். முன்னே அஞ்சடி, கீழே கடை, மேலே குடியிருப்பு, நடுவே வானம் தெரியும் முற்றம். பழைய கடைவீடு பலவற்றின் கீழ்த்தளத்தில் சுட்ட செம்மண் ஓடுகள் பதித்திருப்பார்கள். மேல்தளத்தில் செங்கால் போன்ற வைரம் பாய்ந்த மரப்பலகைகள். வசதி படைத்தோர் வீடுகளிலும் அஞ்சடியிலும் பூ வேலைப்பாடு கொண்ட சிமெண்டு ஓடுகள். இந்த நகரமும் மலாக்காவும் 2008ஆம் ஆண்டு ஜூலை 7ஆம் நாள் யுனெஸ்கோவின் உலக மரபுடைமைப் பட்டியலில் இடம்பெற்றன.

இக்கட்டடங்களுள் மிகப் பல, நெடுங்காலம் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தின் கீழ் இருந்தவை. 1948ஆம் ஆண்டு ஜனவரி 31ஆம் நாளுக்கு முன் கட்டப்பட்ட கட்டடங்களுக்கு 1966ஆம் ஆண்டுச் சட்டம் வாடகையைக் கட்டுப்படுத்தியது. ஏழை மக்கள் நகரின் நடுவே குறைந்த வாடகையில் வாழ அது உதவியது என்பது உண்மை. அதே வேளையில், கிடைத்த வாடகை பழுதுபார்ப்பதற்குப் போதாமையால் உரிமையாளர் பலர் வீட்டைக் கவனியாது விட்டனர் என்பதும் உண்மை. 1997இல் அச்சட்டத்தை நீக்கும் சட்டம் நிறைவேறியது; இடைக்காலம் முடிந்து 2000ஆம் ஆண்டு பிறந்தபோது கட்டுப்பாடு முற்றாக அகன்றது. வாடகை உயர்ந்தது. பழைய குடிகள் பலர் வெளியேறினர். புதிய குடிகளுக்காக வீடுகள் அவசர அவசரமாகச் செப்பனிடப்பட்டன.

அந்த அவசரத்தில் பலர் செய்தது என்ன தெரியுமா? பழைய செம்மண் ஓட்டின் மேல் சிமெண்டைக் கொட்டி, அதன்மேல் மெருகூட்டிய பீங்கான் ஓடுகளைப் பதித்தார்கள். பார்ப்பதற்குத் தரை புத்தம் புதிதாக மின்னியது. ஆனால், அவ்வாறு மூடப்பட்ட வீடுகளில் சுவரின் அடிப்பகுதி நனைந்து, சாயம் உரிந்து, வெண்மையான உப்புப் பூத்து, காரை பொடிப்பொடியாக உதிரத் தொடங்கும்.

இது ஏன்? விளக்குத் திரி எண்ணெயை எப்படி மேலே இழுக்கிறது என்பதை எண்ணிப் பாருங்கள். மண்ணிலுள்ள ஈரத்தைச் செங்கல்லும் அதே வகையில் மேலே இழுக்கிறது. ஜார்ஜ்டவுன் கடலை ஒட்டிய தாழ்நிலம். நிலத்தடி நீர் மேலாகவே இருக்கிறது. பழைய கடைவீடுகளில் ஈரத்தைத் தடுக்கும் தாள் எதுவும் சுவருக்கு அடியிலோ தரைக்கு அடியிலோ இல்லை. அக்காலக் கொத்தனார்கள் ஈரத்தைத் தடுக்க முயலாமல், அது வெளியேறுவதற்கு வழிவிட்டார்கள். செம்மண் ஓடும் சுண்ணாம்புக் காரையும் மூச்சு விடும் பொருள்கள். கீழிருந்து வரும் ஈரம் அவற்றின் வழியே வெளியேறிக் காற்றில் உலர்ந்துவிடும். அந்த வாயை அடைத்தால் ஈரம் எங்கே போகும்? சுவரைப் பிடித்து ஏறும். தன்னுடன் உப்பையும் கொண்டு செல்லும். நீர் உலர்ந்தபின் உப்பு பளிங்காக இறுகிக் காரையைப் பிளக்கும்.

இதிலிருந்து நாம் கற்க வேண்டியது இதுதான்: தரையின் ஆயுளை நிர்ணயிப்பதில் மேலே பதிக்கும் பொருளுக்கு உள்ள பங்கைவிட அடித்தளத்துக்கு உள்ள பங்கு பெரிது. பழைய கடைவீட்டில் ஓர் அறையை வாடகைக்கு எடுத்துக் கடை வைத்திருப்போரும், அத்தகைய வீட்டுக்கு உரிமை பெற்றோரும் இதை மனத்தில் கொள்ள வேண்டும். உடைந்த செம்மண் ஓட்டை மட்டும் பெயர்த்துவிட்டு, அதே வகை ஓட்டைச் சுண்ணாம்புக் கலவையில் பதிப்பதே அங்குப் பொருத்தமான வழி. மரபுடைமை வட்டாரத்தில் கட்டடத்தை மாற்றியமைக்கும் முன் பினாங்குத் தீவு மாநகர் மன்றத்தை அணுகி அனுமதி பற்றிக் கேட்டறிவதும் கடமையாகும்.

மேல்தளத்து மரப்பலகைத் தரைக்கும் ஓர் எச்சரிக்கை உண்டு. பலகை பழசாகிவிட்டது என்று அதன்மேல் சிமெண்டுப் பூச்சுப் போட எண்ணுவோர் உண்டு. ஓர் அங்குலக் கனமுள்ள சிமெண்டுப் பூச்சு, 100 சதுர அடிக்கு ஏறக்குறைய அரை டன் எடையாகும். அந்தச் சுமையைத் தாங்குவதற்காக அந்த மரச்சட்டங்கள் வைக்கப்படவில்லை. கெட்ட பலகையை மட்டும் மாற்றுவதே அறிவுடைமை.

உங்கள் வீட்டின் அடித்தளம் எது?

நம்மில் பெரும்பாலோர் வாங்கும் வீடு பழைய கடைவீடு அன்று. புறநகர்ப் பகுதியிலுள்ள வரிசை வீடு, அல்லது அடுக்குமாடி வீடு. இவ்விரண்டுக்கும் தனித்தனிக் கவனிப்பு வேண்டும்.

வரிசை வீட்டின் கீழ்த்தளம் பொதுவாக மண்ணை நிரப்பி அதன்மேல் போடப்பட்ட கான்கிரீட் தளம். நிரப்பிய மண் சில ஆண்டுகள் வரை அமுங்கிக்கொண்டே இருக்கக்கூடும். தரையில் விரிசல் கண்டால், அது பழைய விரிசலா, இன்னும் வளர்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். விரிசலின் இரு முனைகளிலும் பென்சிலால் கோடிட்டுத் தேதியை எழுதி வையுங்கள். சில மாதங்களில் விரிசல் கோட்டைத் தாண்டினால், தளம் இன்னும் அசைகிறது என்று பொருள். அசையும் தளத்தின் மேல் விலை உயர்ந்த ஓட்டைப் பதிப்பது, காய்ந்து வரும் மரத்துக்குப் புதிய பால்கிண்ணம் கட்டுவது போன்றதாகும்.

ஈரத்தைக் கண்டறியவும் எளிய சோதனை ஒன்று உண்டு. ஒன்றரை அடிச் சதுரமான தெளிந்த பிளாஸ்டிக் தாளைத் தரையில் விரித்து, நான்கு ஓரங்களையும் ஒட்டுநாடாவால் இடைவெளியின்றி ஒட்டிவிடுங்கள். ஒரு பகலும் ஓர் இரவும் கழித்து எடுத்துப் பாருங்கள். தாளின் அடியில் நீர்த்துளி கோத்திருந்தாலோ, தரை கருத்து நனைந்திருந்தாலோ, கீழிருந்து ஈரம் வருகிறது என்பது உறுதி. அத்தகைய தரையில் பசையால் ஒட்டும் எதுவும் நெடுநாள் நில்லாது.

அடுக்குமாடி வீட்டின் கதை வேறு. ஆயர் ஈத்தாமிலுள்ள ரைபிள் ரேஞ்ச் வீடுகள் போன்ற உயர்ந்த அடுக்குமாடிகளில் மண்ணின் ஈரம் மேல்மாடிக்கு வாராது. அங்கு அஞ்ச வேண்டியது குளியலறைத் தண்ணீரை. நம் வீட்டுத் தரை அடுத்த குடும்பத்தின் கூரை என்பதை மறந்துவிடலாகாது. மேல்மாடியிலிருந்து கீழ்மாடிக்குக் கசிவு ஏற்பட்டால், வேறு காரணம் நிறுவப்படும் வரை, அது மேல்வீட்டின் குறையாகவே கருதப்படும் என்று 2013ஆம் ஆண்டு அடுக்குமாடி நிர்வாகச் சட்டம் கூறுகிறது. குளியலறைத் தரையை மலிவாக முடித்துவிட்டு, பின்பு கீழ்வீட்டுக் கூரைக்கும் சேர்த்துப் பணம் கட்டும் நிலை நமக்கு வரவேண்டாம்.

பொருள்களின் குணமும் குற்றமும்

இனி, கடைகளில் கிடைக்கும் பொருள்களை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

முதலாவது சிமெண்டுத் தரை. நமக்கு நன்கு பழக்கமானது. எல்லாவற்றினும் மலிவானது, உழைப்பதிலும் குறைந்ததன்று. ஒரு பங்கு சிமெண்டுக்கு மூன்று பங்கு சுத்தமான மணல் என்பது வழக்கமான கலவை. ஆயினும், அதன் வலிமை கலவையில் மட்டும் இல்லை. போட்ட பின் நனைத்து வைப்பதில் இருக்கிறது. ஏழு நாள்களாவது ஈரச் சாக்கால் மூடி நனைத்து வரவேண்டும். மறுநாளே வெயிலில் காயவிட்ட தரையில் மேற்பரப்பு பொடியாகும். கூட்டக் கூட்டத் தூசி வரும். பெரிய கூடமாயின் பத்தடிக்கு ஒருமுறை கோடு வெட்டி விடுவது நல்லது. விரிசல் வருவதாக இருந்தால் அந்தக் கோட்டிலேயே வரும். காவி கலந்து மெருகேற்றிய சிவப்புச் சிமெண்டுத் தரை நம் முன்னோர் விரும்பியது. இன்றும் அழகு குன்றாதது.

இரண்டாவது, பூ வேலைப்பாடு கொண்ட சிமெண்டு ஓடு. செட்டிநாட்டு ஆத்தங்குடியில் செய்யப்படும் ஓடும் இந்த இனத்தைச் சேர்ந்ததே. கண்ணாடிப் பலகையின் மேல் வண்ணச் சாந்தை ஊற்றி, மணலும் சிமெண்டும் இட்டு, பின் தண்ணீரில் ஊறவைத்து எடுப்பார்கள். சூளையில் சுடுவதில்லை. நகரத்தார் பினாங்குத் தெருவில் கிட்டங்கி வைத்து வட்டித்தொழில் நடத்திய காலத்தில், அவர்கள் ஊர்த் தரைக்கும் இவ்வூர்த் தரைக்கும் இருந்த உறவை எண்ணும்போது மனம் மகிழ்கிறது. ஆனால், வாடகை வீட்டுக்கு இதை நான் பரிந்துரைக்க மாட்டேன். புளிக்கரைசலும் எலுமிச்சைச் சாறும் பட்டால் கறையாகும். புதிதாக வாங்க விலையும் அதிகம். பழைய வீட்டில் ஏற்கெனவே இருக்குமானால், அதைப் பெயர்த்து எறியாமல் போற்றிக் காப்பதே முறை.

மூன்றாவது, பீங்கான் ஓடு. நம்மவர் பலர் இதை மொசைக் என்று அழைக்கின்றனர். இதில் சுவருக்கென்று செய்யப்படுவதும் தரைக்கென்று செய்யப்படுவதும் வெவ்வேறு. சுவர் ஓடு தன் எடையில் பத்து விழுக்காட்டுக்கு மேலும் நீரை உறிஞ்சக்கூடும், நடந்தால் உடைந்துவிடும். போர்சலின் எனப்படும் இறுகச் சுட்ட தரை ஓடு அரை விழுக்காட்டுக்கு மேல் உறிஞ்சாது. மெருகூட்டிய ஓட்டின் பெட்டியில் பி.இ.ஐ. என்னும் குறியும் ஓர் எண்ணும் இருக்கும். அது தேய்மானத்தைத் தாங்கும் அளவு. ஒன்றிலிருந்து ஐந்து வரை. வாடகை வீட்டின் கூடத்துக்கு நான்கு இருந்தால் போதுமானது. வழுக்காமையைக் காட்டும் ஆர் என்னும் எழுத்தையும் பாருங்கள். குளியலறைக்கும் சமையலறைக்கும் ஆர் 10க்குக் குறையாதது வேண்டும். கண்ணாடி போல் மின்னும் ஓட்டில் ஈரக் கால் வைத்துத் தவறி விழுந்து இடுப்பை முறித்துக்கொள்ளும் முதியவருக்கு எந்த முன்பணமும் ஈடாகாது. நாளை அந்த முதியவர் நீங்களாகவே இருக்கலாம்.

நான்காவது, ரப்பர் பாய் என்று நாம் அழைக்கும் சுருள் விரிப்பு. பெயரில் ரப்பர் இருக்கிறதே ஒழிய, நீங்கள் வெட்டும் பாலுக்கும் அதற்கும் தொடர்பில்லை. அது பி.வி.சி. எனப்படும் பிளாஸ்டிக். விலை குறைவு, ஒரே நாளில் விரித்துவிடலாம். ஆனால், கட்டில் கால் அழுத்தினால் கிழியும். சூடான சட்டி பட்டால் உருகும். அடியில் ஈரம் தங்கினால் பூஞ்சை பிடித்து நாற்றம் எடுக்கும். அவசரத்துக்கு உதவுமே தவிர நிலைத்த தரையாகாது.

ஐந்தாவது, மரம்போல் தோற்றமளிக்கும் பலகைகள். இவற்றுள் இரு வகை உண்டு. லேமினேட் என்பது மரத்தூளை அழுத்திச் செய்தது. தண்ணீர் பட்டால் உப்பிவிடும். எஸ்.பி.சி. என்பது சுண்ணாம்புக்கல் தூளும் பிளாஸ்டிக்கும் கலந்தது. தண்ணீரால் பலகைக்குக் கேடில்லை. எனினும், தளம் மட்டமாக இல்லாவிட்டால் அதன் பூட்டு விட்டுவிடும். வெள்ளம் புகுந்தால் பலகைக்கு அடியில் சேறு தங்கும். அடுக்குமாடியின் படுக்கையறைக்கு அது பொருந்தும். வெள்ளம் வரும் இடத்துக்குப் பொருந்தாது.

நம் ரப்பர் மரத்தைப் பற்றியும் ஒரு சொல். இருபத்தைந்து, முப்பது ஆண்டுகள் பால் தந்து ஓய்ந்த மரம் முன்பு விறகாகவே போயிற்று. இன்று அது மேசை, நாற்காலியாகவும் தரைப் பலகையாகவும் மாறி உலகமெங்கும் செல்கிறது. ஆயினும், அறுத்தவுடன் மருந்திடாத ரப்பர் மரத்தைப் பூச்சியும் பூஞ்சையும் விரைவில் பிடித்துக்கொள்ளும் என்பதை நீங்களே நன்கு அறிவீர்கள். மருந்திட்ட பலகையும் உலர்ந்த மேல்மாடிக்கே ஏற்றது. ஈரம் படும் கீழ்த்தளத்துக்கு ஆகாது.

மோசமான நாளை எண்ணிப் பாருங்கள்

இரண்டாவது கேள்வி, தண்ணீர் எந்த வழியாக வரும் என்பது. நல்ல நாளில் எல்லாத் தரையும் நல்ல தரையே. 2017ஆம் ஆண்டு நவம்பர் 4, 5 ஆகிய நாள்களில் பினாங்கில் பெய்த பேய்மழையை நாம் மறக்க முடியாது. தீவிலும் செபராங் பிறையிலும் வீடு வீடாக வெள்ளம் புகுந்தது. வெள்ளம் வடிந்த பின், சிமெண்டுத் தரையும் ஓட்டுத் தரையும் உள்ள வீட்டார் சேற்றைக் கழுவிவிட்டு மீண்டும் குடியேறலாம். அழுத்திய மரத்தூள் பலகை பதித்தவர் அதைப் பெயர்த்து எறிய வேண்டியதுதான். நீங்கள் வாங்கப்போகும் இடத்தில் அண்டை வீட்டாரிடம், "அந்த ஆண்டு தண்ணீர் எதுவரை ஏறிற்று?" என்று கேளுங்கள். முழங்காலைத் தொட்டது என்றால், கீழ்த்தளத்துக்குச் சிமெண்டு அல்லது ஓடு என்று அப்போதே முடிவு செய்துவிடலாம்.

ஆண்டுக் கணக்கே உண்மையான கணக்கு

மூன்றாவது கேள்வி செலவைப் பற்றியது. ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். நான் சொல்லும் தொகைகள் கணக்கைப் புரிந்துகொள்வதற்காக மட்டுமே. சந்தை விலையை நீங்கள் கடையில் விசாரித்துக்கொள்ள வேண்டும். 100 சதுர அடி அறை ஒன்றுக்கு விரிப்புப் போட 300 வெள்ளி ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். அது மூன்று ஆண்டு உழைக்கிறது. ஓடு பதிக்கக் கூலியோடு 1,200 வெள்ளி ஆகிறது. அது பதினெட்டு ஆண்டு உழைக்கிறது. முதல் நாளில் பார்த்தால் விரிப்பு மலிவு. பதினெட்டு ஆண்டில் விரிப்பை ஆறுமுறை வாங்க வேண்டும்; செலவு 1,800 வெள்ளி. ஓட்டுக்கு அதே 1,200 வெள்ளிதான். அஃதாவது, ஆண்டுக்கு விரிப்புக்கு 100 வெள்ளி. ஓட்டுக்கு 67 வெள்ளிக்கும் குறைவு. விரிப்பை மாற்றும் ஒவ்வொரு முறையும் வீடு காலியாக இருக்கும் நாள்களின் வாடகை இழப்பு இதில் சேரவில்லை.

இந்தக் கணக்கு உங்களுக்குப் புதியதன்று. ஒரு நாள் பாலுக்கு ஆசைப்பட்டுப் பட்டையை ஆழமாக வெட்டுபவர் மரத்தைக் காயப்படுத்தி, வருங்காலத்துப் பாலை இழக்கிறார் என்பதை நீங்கள் அறிவீர்கள். மரத்துக்கு நீங்கள் காட்டும் அந்த நீண்டகாலப் பார்வையை வீட்டுத் தரைக்கும் காட்டுங்கள் என்பதே என் வேண்டுகோள்.

எனினும், எல்லாரிடமும் 1,200 வெள்ளி உடனே இராது. கடன் வாங்கி ஓடு பதிக்க வேண்டாம். கையில் உள்ளதற்கேற்ப வரிசைப்படுத்துங்கள். முதலில் குளியலறை, அடுத்து சமையலறை, பிறகு கூடம், கடைசியில் படுக்கையறை. தண்ணீர் படும் இடத்துக்கே முதற்பணம் செல்லட்டும். மற்ற அறைகளில் நல்ல சிமெண்டுத் தரை இருப்பதில் எந்தக் குறைவும் இல்லை.

வேலையைக் கண்காணித்தல்

நல்ல ஓட்டையும் கெட்ட வேலை கெடுத்துவிடும். குத்தகையாளரிடம் வேலையை ஒப்படைத்தாலும், கீழ்க்காணும் செய்திகளை நீங்களே நேரில் கவனிக்க வேண்டும்.

பெட்டிகள் எல்லாவற்றிலும் ஒரே நிற எண்ணும் ஒரே அளவு எண்ணும் உள்ளனவா என்று வாங்கும்போதே பாருங்கள். தேவையைவிடப் பத்து விழுக்காடு கூடுதலாக வாங்குங்கள். இரண்டடிச் சதுர ஓடாயின் 100 சதுர அடிக்கு 25 ஓடுகள் வேண்டும். 28 வாங்கி வையுங்கள். ஐந்து ஆண்டு கழித்து ஓர் ஓடு உடையும்போது அதே நிறம் கடையில் கிடைக்காது. எஞ்சிய ஓடுகள் அன்று கைகொடுக்கும்.

ஓட்டின் அடியில் கலவை முழுவதும் பரவியிருக்க வேண்டும். நான்கு மூலையிலும் நடுவிலும் மட்டும் உருண்டை உருண்டையாக வைத்துப் பதித்தால் அடியில் வெற்றிடம் இருக்கும். பாரம் ஏறியதும் ஓடு உடையும். வேலை முடிந்த பின் ஒரு காசால் ஒவ்வோர் ஓட்டையும் தட்டிப் பாருங்கள். கெட்டியான ஓசை எழுந்தால் சரி. வெற்றுக் குடத்தின் ஓசை எழுந்தால் அந்த ஓட்டை மீண்டும் பதிக்கச் சொல்லுங்கள்.

ஓடுகளுக்கிடையில் இரண்டு, மூன்று மில்லிமீட்டர் இடைவெளியும், சுவரோரத்தில் சிறிது இடைவெளியும் இருக்கட்டும். வெப்பத்திலும் ஈரத்திலும் ஓடு விரியும். விரிவதற்கு இடமில்லாவிட்டால் ஒருநாள் திடீரென்று கூரைபோல் எழும்பி வெடிக்கும்.

குளியலறையில் நீர்த்தடுப்புப் பூச்சுப் பூசிய பின், ஓடு பதிக்கும் முன், வடிகுழாயை அடைத்துத் தண்ணீரைத் தேக்கி ஒரு நாள் முழுதும் வைக்கச் சொல்லுங்கள். கீழ்வீட்டில் கசிவில்லை என்று கண்ட பிறகே ஓடு பதிக்க வேண்டும். தரை வடிகாலை நோக்கி ஒரு மீட்டருக்கு ஒரு சென்டிமீட்டராவது சரிய வேண்டும். குளியலறைக்குச் சிறிய ஓடே நல்லது. சரிவும் எளிதாக அமையும், காலுக்கும் பிடிப்பு இருக்கும்.

இவை அனைத்தும் சரியாக முடியும் வரை கூலியின் கடைசிப் பகுதியைக் கையில் வைத்திருங்கள். செய்ய வேண்டியவற்றை முன்னரே எழுதிக் கையொப்பம் பெற்றுக்கொண்டால் பின்னர் மனக்கசப்பு நேராது.

குடியிருப்பவரும் நம்மைப் போன்றவரே

வாடகைக்கு விடும் முன் இரண்டு செய்திகளை மறவாதீர்கள். குறைந்த விலை வீடுகளுள் சிலவற்றை வாடகைக்கு விடுவதற்கு நிபந்தனை உண்டு. வீட்டின் பத்திரத்தைப் பார்த்து, மாநில வீடமைப்புப் பிரிவில் கேட்டறிந்த பின்னரே குடிவைக்க வேண்டும். அடுத்தது, குடியிருக்க வருபவரோடு சேர்ந்து ஒவ்வோர் அறையின் தரையையும் பார்த்து, படம் எடுத்து, உள்ள குறைகளை எழுதி, இருவரும் ஒப்பமிடுங்கள். இரண்டு மாத வாடகையை முன்பணமாகப் பெறுவது நம் நாட்டு வழக்கம். நடந்து நடந்து தேய்ந்த தரைக்காக அந்த முன்பணத்தைப் பிடித்துவைப்பது நியாயமாகாது. கனமான பொருளைப் போட்டு உடைத்த ஓட்டுக்குக் கேட்பது நியாயம். எழுத்தும் படமும் இருந்தால் எது எது என்பதில் சண்டை வராது.

வாடகைக்கு வருபவர் ஒரு தொழிற்சாலைத் தொழிலாளியாகவோ, தோட்டத்தை விட்டு வந்த மற்றொரு குடும்பமாகவோ இருக்கலாம். அவருடைய குழந்தை அந்தத் தரையில்தான் தவழும். அங்கேயே பாய் விரித்து உறங்கும். நம் குழந்தை படுப்பதற்கு ஏற்ற தரையா என்று கேட்டுப் பாருங்கள். ஏற்றது என்றால் நல்ல குடி நீண்ட காலம் தங்கும். நீண்ட காலம் தங்கும் குடியைவிட வீட்டுக்காரருக்குப் பெரிய ஆதாயம் வேறில்லை.

நண்பர்களே! விடியற்காலையில் எழுந்து, கொசுக்கடியிலும் பனியிலும் மரம் மரமாக நடந்து சேர்த்த பணம் அது. அப்பணத்தை மண்ணின் ஈரத்துக்கும் குளியலறைக் கசிவுக்கும் கொடுத்துவிட வேண்டாம். அடித்தளத்தைப் பாருங்கள், தண்ணீர் வரும் வழியைப் பாருங்கள், ஆண்டுக் கணக்கைப் போடுங்கள். அதன் பிறகு கடைக்குப் போங்கள். ஓய்வு பெற்ற நாளில் உங்கள் சொந்த வீட்டுக்குள் நீங்கள் எடுத்து வைக்கும் முதல் அடி உறுதியான தரையில் பதியட்டும்.